குழலை மாற்ற முன்னம்: எயார் றைபிள் வெடி சிதறுவது ஏன்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோப்பாய்ப் பக்கம் ஒரு தம்பி, வீட்டு வளவுக்குள் இலக்குத் தாள் கட்டிப் பழகுகிறவர். வைத்திருப்பது 4.5 மில்லிமீற்றர் மடக்குக் குழல் ஸ்பிறிங் றைபிள். குழலை மடக்கினால் உள்ளே ஸ்பிறிங் ஏறும், விசையை இழுத்தால் அது பிஸ்ரனைத் தள்ளிக் காற்றை நசிக்கும், அந்தக் காற்றுத்தான் குண்டைத் தள்ளும். வாங்கிய புதிதில் 20 மீற்றரில் வைத்த பத்து வெடியும் ஐந்து ரூபாய்க் குற்றி மூடுகிற அளவுக்குள் விழுந்ததாம். இப்போது மூன்று வருடமாகிறது. அதே தூரத்தில் உள்ளங்கை அளவுக்குச் சிதறுகிறது. குறிபார்க்கிற ஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் சரிவரவில்லை. துவக்கு வேலை தெரிந்த ஒருவர், "குழல் தேய்ந்துபோச்சு, வேறு குழல் போடு" என்று சொல்லிவிட்டார். போடலாமா என்பதுதான் கேள்வி.

வேண்டாம் தம்பி. காசைக் கையில் வைத்திருங்கோ. மூன்று வருடத்தில் எயார் றைபிள் குழல் தேயாது. வேட்டைத் துவக்கின் குழல் தேய்வதற்குக் காரணம் வெடிமருந்தின் சூடும் எரிந்த வாயுவும். இங்கே அந்த இரண்டும் இல்லை. உருக்குக் குழலுக்குள்ளே போவது நகத்தால் கீறினாலே கோடு விழுகிற ஈயம், அதைத் தள்ளுவது வெறும் காற்று. எங்கள் பெரியாக்களின் காலத்துப் பிஎஸ்ஏ எயார் றைபிள்கள் சில இன்றைக்கும் நேராகச் சுடுகின்றன. பிஎஸ்ஏ என்றால் பலருக்கும் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். அந்தச் சைக்கிளின் சின்னத்தை வடிவாகப் பார்த்தீர்களானால் மூன்று துவக்கு ஒன்றோடொன்று சாய்த்து வைத்திருப்பது தெரியும். பேர்மிங்காமில் அந்தக் கொம்பனி 1905 இல் இருந்தே எயார் றைபிள் செய்தது. அந்தக் குழல்கள் இத்தனை வருடம் தாங்கியிருக்கின்றன என்றால் உங்களுடையது மூன்று வருடத்தில் தேய வழியில்லை.

ஆனால் குழல் பழுதாகும். தேய்வது வேறு, பழுதாவது வேறு. ஊத்தை பிடிக்கும், துரு பிடிக்கும், வாய் விளிம்பு அடிபடும், குண்டு ஏற்றுகிற பின்வாயில் காற்றுக் கசியும். இவற்றில் முக்கால்வாசியை வீட்டிலேயே சரிப்படுத்தலாம். அதற்கும் முன்னம், பழுது குழலில்தானா என்பதை உறுதிப்படுத்த வேண்டும். என்னிடம் "குழல் சரியில்லை" என்று கொண்டுவந்த றைபிள்களில் பாதிக்கு மேல் குழலில் ஒரு குறையும் இருந்ததில்லை.

ஒரு விசயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளுங்கோ. வெடி இடம் மாறி விழுவதும் வெடி சிதறுவதும் ஒன்றல்ல. பத்து வெடியும் ஒரே இடத்தில் நெருக்கமாக விழுகிறது, ஆனால் குறி வைத்த புள்ளிக்கு இரண்டு அங்குலம் மேலே என்றால் அது ஸ்கோப்பைத் திருப்பித் தீர்க்கிற காரியம். மடக்குக் குழல் திறந்திருக்கும்போது கைதவறி விசை தட்டுப்பட்டால் குழல் பாய்ந்து மூடி மேல்நோக்கி வளையும். அப்போதுகூட வெடி மேலே போகுமே தவிர, அநேகமாகச் சிதறாது. உங்களுடையது சிதறல். சிதறலுக்கு ஸ்கோப்பைத் திருப்பிப் பலன் கிடையாது. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு திருப்பினால் சிதறல் இன்னும் கூடும்.

சோதிக்கிற முறையைச் சொல்கிறேன். விடிகாலையில் சுடுங்கோ, காற்று எழும்ப முன்னம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி மட்டும் எங்கள் பக்கம் சோளகம் என்ன மாதிரி வீசும் என்று உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்குப் பிறகு பனையோலை சரசரக்கத் தொடங்கினால், அரைக் கிராம் எடையுள்ள ஈயத்தை அந்தக் காற்று 20 மீற்றரில் ஒரு விரற்கடை தள்ளிவிடும். மாரியில் வாடைக்கும் இதே கதை. இலக்குத் தாளைத் தடித்த மட்டையில் ஒட்டுங்கோ, அப்போதுதான் துளை வடிவாக விழும். தாளுக்குப் பின்னால் மண் மூட்டை இரண்டு அடுக்கு. சுண்ணக்கல் மதிலையோ பனை மரத்தையோ பின்னணியாக வைக்க வேண்டாம். கல்லில் பட்டது திரும்பி வரும், வைரம் பாய்ந்த பனையிலும் அப்படித்தான். இந்தப் பெலற், அதாவது ஈயக் குண்டு, தடையில்லாமல் போனால் 300 மீற்றருக்கு மேலும் போகும். எங்கள் வளவுகளில் வேலிக்கு அந்தப் பக்கம் யாராவது கிணற்றடியில் நிற்பார்கள். இதில் விட்டுக்கொடுப்பே கூடாது. அனுமதிப் பத்திரமும் ஒழுங்காகக் கையில் இருக்கட்டும்.

ஐந்து வெடியை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஐந்து நல்லாக விழுவதும் கூடாமல் விழுவதும் தற்செயலாகவே நடக்கும். பத்து வெடி, அப்படி இரண்டு தாள். மிகத் தூரத்தில் கிடக்கிற இரண்டு துளைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே அளந்து 4.5 மில்லிமீற்றரைக் கழித்தால் உங்கள் குறூப் அளவு, அதாவது சிதறலின் அளவு, வரும். அதைத் தாளிலேயே திகதியோடு எழுதி வையுங்கோ. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு தாள். ஒரே நேரத்தில் இரண்டு மாற்றம் செய்ய வேண்டாம். செய்தால் எது குணப்படுத்தியது என்று ஒருநாளும் தெரியாது.

இனி ஸ்குறூக்கள். சிரிக்க வேண்டாம், இதுதான் முதல் எதிரி. ஸ்பிறிங் றைபிள் சுடும்போது இரண்டு தரம் உதறும். பிஸ்ரன் முன்னே பாயும்போது துவக்கு பின்னே தள்ளும். பிஸ்ரன் காற்று மெத்தையில் முட்டி நிற்கும்போது முன்னே இழுக்கும். இந்த இரட்டை உதறல் ஆயிரம் தரம் நடந்தால் எந்த ஸ்குறூவும் இளகும். முன்கட்டையின் இரண்டு பக்கமும் உள்ள ஸ்குறூ, விசைக் காப்புக்கு அருகே உள்ள ஸ்குறூ, இவை மூன்றையும் பொருத்தமான ஸ்குறூ றைவரால் பாருங்கோ. எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கு. மாரியில் மரப்பிடி ஊறிப் பருக்கும், கோடையில் காய்ந்து சுருங்கும். ஐப்பசியில் இறுக்கமாக இருந்த ஸ்குறூ பங்குனியில் கால்சுற்றுத் திரும்பும். புரியில் உள்ள எண்ணெயைத் துடைத்து நீல லொக்ரைற் (புரியில் விடுகிற பசை) ஒரு துளி விட்டு இறுக்கினால் நிற்கும். மரம் நசிகிற அளவுக்கு முறுக்க வேண்டாம்.

அடுத்தது குழல் மடங்குகிற மூட்டு. றைபிளை மடக்கி விசையேற்றிய பிறகு, குழலை ஒரு கையால் பிடித்தபடி பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கோ. இடம் வலமாகக் கொஞ்சமேனும் ஆடினால் அந்த மூட்டு ஆணியை இறுக்க வேண்டும். சரியான இறுக்கம் எது என்பதற்குக் கணக்குண்டு: பாதி திறந்த நிலையில் நிறுத்தினால் குழல் அங்கேயே நிற்க வேண்டும், தன் பாரத்தில் கீழே விழக்கூடாது. இங்கே ஒரு எச்சரிக்கை. குழல் திறந்திருக்கும்போது, பின்வாய்க்குள் விரல் வைக்கிற எந்த நேரத்திலும், மற்றக் கை குழலை இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். விசை நழுவினால் குழல் மூடுகிற வேகத்துக்கு விரல் தாங்காது.

பிறகு ஸ்கோப். முடிந்தால் கழற்றி வைத்துவிட்டு இரும்புக் குறியால் பத்து வெடி வையுங்கோ. ஸ்கோப்போடு உள்ளங்கை அளவு சிதறியது இரும்புக் குறியில் பாதியாகக் குறைந்தால் குற்றவாளி பிடிபட்டுவிட்டான். ஸ்பிறிங் றைபிளின் முன்னோக்கிய இழுப்பு வேட்டைத் துவக்குக்கென்று செய்த ஸ்கோப்பின் உள்ளே உள்ள கண்ணாடி வில்லையை அசைத்துவிடும். வெளியே பார்க்க ஒரு கீறலும் இருக்காது. ஆனால் வெடிக்கு வெடி குறி நகரும். ஸ்கோப்பைத் தாங்குகிற மவுண்ற் பின்னே வழுக்குகிறதா என்று பார்க்க, தண்டவாளத்தில் மவுண்றின் பின்விளிம்பை ஒட்டிப் பென்சிலால் ஒரு கோடு கீறுங்கோ. இருபது வெடிக்குப் பிறகு கோட்டுக்கும் மவுண்றுக்கும் இடையே தலைமயிர் இடைவெளி தெரிந்தாலும் அது வழுக்குகிறது. மடக்குக் குழல் றைபிள்களில் குழல் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது வழமை. அதை ஈடுசெய்ய ஸ்கோப்பை எல்லை மட்டும் மேலே திருப்பி வைத்திருந்தால் உள்ளே உள்ள ஸ்பிறிங் தளர்ந்துபோய் நிற்கும், அதனாலும் சிதறும். அப்படியென்றால் பின் மவுண்றுக்குள் மெல்லிய தகடு வைத்து உயர்த்திவிட்டு, ஸ்கோப்பைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

பிடிக்கிற முறையைப் பற்றிச் சொல்லாமல் விட ஏலாது. வேட்டைத் துவக்குப் பழகினவர்கள் எயார் றைபிளையும் தோளோடு இறுக்கி அணைப்பார்கள். விசை விழுந்து பெலற் வாயை விட்டு வெளியேற நூறில் ஒரு பங்கு வினாடியளவு எடுக்கும். அதற்குள் அந்த இரட்டை உதறல் தொடங்கிவிடும். அதாவது பெலற் குழலுக்குள் இருக்கும்போதே துவக்கு அசைகிறது. ஒவ்வொரு வெடிக்கும் ஒரே மாதிரி அசைய விட்டால் வெடி ஒரே இடத்தில் விழும். இறுக்கிப் பிடித்தால் பிடியின் இறுக்கம் வெடிக்கு வெடி மாறும், வெடியும் மாறும். விரித்த உள்ளங்கையில், பாரம் சமநிலைப்படும் இடத்தில், கோழிக்குஞ்சைத் தாங்குகிற மாதிரி வையுங்கோ. தோளில் தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். முன்கட்டையை நேரே மேசையிலோ கல்லிலோ சாய்க்கக்கூடாது. மண் மூட்டையின் மேல் உங்கள் கை, கையின் மேல் துவக்கு.

இவ்வளவும் பார்த்தும் சிதறல் குறையவில்லையென்றால் பெலற்றை மாற்றுங்கோ. ஒரு குழலுக்குப் பிடித்த பெலற் இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. ஒரே கொம்பனியின் அடுத்தடுத்த இரண்டு றைபிளிலேயே இதைக் கண்டிருக்கிறேன். நல்ல தகரங்களில் தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 என்று அச்சிட்டிருக்கும். நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் பெரிதா என்று கேட்கலாம். பெரிதுதான். பெலற்றின் தலை குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிகளில் உரசிக்கொண்டு போக வேண்டும், அதன் பாவாடை, அதாவது விரிந்த பின்பக்கம், காற்றை அடைக்க வேண்டும். தலை சிறிதாக இருந்தால் குழலுக்குள் சரிந்தபடி போகும். பருத்தால் திணறும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீற்றரளவு. அதைக் கிட்டுகிற பெலற் காற்றில் தத்தளிக்கும். ஒலிம்பிக்கில் 1984 இல் இருந்து 10 மீற்றர் எயார் றைபிள் போட்டி நடக்கிறது. அதில் பத்துப் புள்ளிக்கான பொட்டின் குறுக்களவு அரை மில்லிமீற்றர்தான். அந்தப் போட்டி றைபிள்கள் பெலற்றைத் தள்ளுவது வினாடிக்கு 170 மீற்றரளவு வேகத்தில். வேகத்துக்கும் துல்லியத்துக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

தகரத்தில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையையும் பாருங்கோ. கொழும்பில் இருந்து பஸ்ஸில் குலுங்கி வந்த தகரத்தில் பத்தில் ஒன்றுக்காவது விளிம்பு நசிந்திருக்கும். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது ஈயம் உப்புக்காற்றில் கெட்டது, அதைச் சுட வேண்டாம். ஈயம் தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடென்றால் தகரம் உயரத்தில் இருக்கட்டும்.

இப்போதுதான் குழலுக்கு வருகிறேன்.

முதலில் பின்வாய். குழல் மூடிய இடத்தில், பொருத்துக்கு மேலே, மெல்லிய ரிஷூத் தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து வைத்து மண் மூட்டையில் ஒரு வெடி வையுங்கோ. தாள் துள்ளினால் அங்கே காற்றுக் கசிகிறது. பக்கங்களிலும் இதே மாதிரிச் சோதியுங்கோ. கசிவு ஒவ்வொரு வெடிக்கும் ஒரே அளவில் இருக்காது, ஆகவே வேகமும் ஒரே அளவில் இருக்காது. தாளில் துளைகள் மேலும் கீழுமாக நீளக்கோட்டில் விழுந்தால் வேகம் மாறுகிறது என்று சந்தேகப்படலாம். வழமையாகப் பின்வாயைச் சுற்றியுள்ள றபர் வளையம் நசிந்திருக்கும். புது வளையம் போடுவது நல்லது. கிடைக்கும்வரை பழையதைக் கிளப்பி அடியில் மெல்லிய பேப்பர் வளையம் ஒன்று வெட்டி வைத்து உயர்த்தினால் வேலை செய்யும். பெலற் போடாமல் மட்டும் சோதிக்க வேண்டாம். ஸ்பிறிங் றைபிளை வெறுமனே அடித்தால் பிஸ்ரன் இரும்போடு மோதி உள்ளே உடையும்.

அடுத்தது ஊத்தை. காற்றில் சுடுகிற துவக்குக்குக் குழல் துடைக்கத் தேவையில்லை என்று கனபேர் நம்புகிறார்கள். மருந்துக் கரி இல்லைத்தான், ஆனால் ஈயம் மெல்லிய படையாக வரிகளில் ஒட்டும். பெலற்றில் பூசி வருகிற எண்ணெயும் தூசியும் அதோடு சேர்ந்து இறுகும். துடைக்க விலையுயர்ந்த சாமான் ஒன்றும் வேண்டாம். தடித்த தங்கூசி நூலை (மீன்பிடிக்கிற நைலோன் நூல்) இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்தை வாயால் விட்டுப் பின்வாயால் வெளியே எடுங்கோ. அந்தக் கண்ணியில் பழைய வெள்ளை வேட்டித் துண்டைக் கோத்து, வாய்ப் பக்கமாக ஒரே இழுவையில் இழுங்கோ. பெலற் போகிற திசையிலேயே துணியும் போக வேண்டும். முதல் துணி கன்னங்கரேலென்று வரும். கிட்டப் பிடித்துப் பார்த்தால் கறுப்புக்குள்ளே வெள்ளித் துகள்கள் மினுங்கும். அதுதான் ஈயம். ஏழெட்டுத் துணிக்குப் பிறகு சாம்பல் நிறத்துக்கு வரும். துணியில் செங்காவி நிறம் தெரிந்தால் துரு. அப்போது ஒரு துணியில் நல்ல துவக்கு ஒயில் ஒரு துளி தொட்டு இழுத்துவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் ஒயிலின் தடமே இல்லாமல் துடைக்க வேண்டும்.

ஏன் அவ்வளவு கண்டிப்பு என்றால், ஸ்பிறிங் றைபிளில் பிஸ்ரன் காற்றை நசிக்கிறபோது அந்தக் காற்று கடுமையாகச் சூடேறும். அங்கே ஒயில் இருந்தால் டீசல் எஞ்சினில் நடக்கிறதுதான் நடக்கும், எரியும். வெடிச் சத்தம் திடீரென்று பெரிதாகும், புகை மணக்கும், ஒரு வெடி மேலே போகும், அடுத்தது கீழே போகும். தையல் மெசின் ஒயிலும் தேங்காய் எண்ணெயும் குழலுக்குள் ஊற்றிவிட்டுச் சிதறுகிறதென்று வருகிறவர்களை அடிக்கடி கண்டிருக்கிறேன். உங்கள் துவக்கில் எரிந்த எண்ணெய் மணம் வருகிறதா? வந்தால் நூறு வெடி மட்டும் பொறுங்கோ, எரிந்து தீரட்டும், பிறகு குறூப்பைப் பாருங்கோ.

துடைத்த உடனே குறூப் திருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெறும் உருக்கில் முதல் பத்து இருபது வெடி தாறுமாறாகப் போகும். மெல்லிய ஈயப் படை ஒரே சீராகப் படிந்த பிறகுதான் குழல் நிதானத்துக்கு வரும். பெலற் வகை மாற்றும்போதும் இதே கணக்கு. இது தெரியாமல் துடைத்த கையோடு ஐந்து வெடி வைத்துவிட்டு, "முந்தியதைவிட மோசம்" என்று மறுபடி துடைக்கிறவர்கள் கரையேறவே மாட்டார்கள்.

இனி வாய் விளிம்பு. என் அனுபவத்தில் குழலில் உண்மையான பழுது என்று இருந்தால் பெரும்பாலும் அது இங்கேதான். பெலற் வெளியேறுகிற கடைசிக் கணத்தில் அதன் பாவாடைக்குப் பின்னால் இருக்கிற காற்று நாலு பக்கமும் ஒரே நேரத்தில் விடுபட வேண்டும். விளிம்பில் மணல் அளவு நசிவு இருந்தாலும் அந்தப் பக்கத்தால் காற்று முந்திப் பாய்ந்து பெலற்றின் பின்பக்கத்தைத் தட்டிவிடும். அங்கே விழுந்த சின்னத் தட்டு 20 மீற்றரில் அங்குலக் கணக்கில் தெரியும். ரோச் லைற்றை ஒரு பக்கமாகப் பிடித்து, கண்ணாடி வில்லையால் வாயைப் பாருங்கோ. நல்ல குழலில் வெளியேறுகிற காற்று சாம்பல் நிறத்தில் பூப்போல ஒரு கோலம் போட்டிருக்கும், வரிக்கு ஒரு இதழ், எல்லா இதழும் ஒரே நீளம். ஒரு பக்கத்து இதழ் நீண்டும் மறுபக்கம் இல்லாமலும் இருந்தால் விளிம்பு சரியில்லை. காது துடைக்கிற பஞ்சுக் குச்சியை உள்விளிம்பைச் சுற்றி மெல்ல உருட்டுங்கோ. எங்கே பஞ்சு நார் இழுபட்டு மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது.

நான் இளம் வயதில் என் சொந்த றைபிளை இப்படித்தான் கெடுத்தேன். சைக்கிள் கம்பி ஒன்றில் துணி சுற்றி, வாய்ப் பக்கத்தால் விட்டுத் துடைத்து வந்தேன், பல மாதம். கம்பி ஒவ்வொரு தரமும் விளிம்பின் அடிப்பக்கத்தில் உரசியிருக்கிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பஞ்சுக் குச்சி ஆறு மணி நிலையில் மாட்டியபோதுதான் விளங்கியது. உங்களுக்கும் கேட்கிறேன்: எதனால் துடைக்கிறீர்கள், எந்தப் பக்கத்தால்?

இதைச் சரிப்படுத்தலாம். உருண்டைத் தலை உள்ள பித்தளை ஸ்குறூ ஒன்று, தலை குழல் வாயைவிட இரண்டு மடங்கு பெரிதாக. கராச்சில் வால்வு தேய்க்கப் பாவிக்கிற மென் பேஸ்ற் கொஞ்சம். குழலுக்குள் ஒரு அங்குலம் உள்ளே கிறீஸ் தடவிய துணி அடைத்துக் கொள்ளுங்கோ, பேஸ்ற் உள்ளே போகக்கூடாது. ஸ்குறூவைக் கைத் துரப்பணத்தில் பூட்டி, தலையில் பேஸ்ற் தொட்டு, வாயில் வைத்து மெல்லச் சுற்றுங்கோ. சுற்றும்போதே துரப்பணத்தின் பின்பக்கத்தை வட்டமாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போதுதான் உருண்டைத் தலை எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்க்கும். அரை நிமிடத்துக்கு ஒருக்கால் துடைத்துப் பாருங்கோ. உள்விளிம்பைச் சுற்றி முழுவட்டமாக, உடையாத மெல்லிய மினுக்கக் கோடு தெரிந்தால் காணும். துணியைப் பின்வாயில் இருந்து தள்ளி வாயால் வெளியே எடுத்து, குழலை நன்றாகத் துடையுங்கோ. என் றைபிளுக்கு மூன்று நிமிட வேலை. அன்று பின்னேரமே குறூப் பழையபடி வந்தது.

லேத்தில் கொடுத்து நுனியை வெட்டிப் புதிதாகக் கடைவிக்கலாமே என்று யாரும் சொன்னால் அவசரப்பட வேண்டாம். அதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை உண்டு, எனக்கு மிகப் பிடித்த சோதனையும் அதுதான். ஒரு பெலற்றைப் பின்வாயில் பெருவிரலால் அழுத்தி வைத்து, பித்தளைக் கம்பியாலோ பிளாஸ்ரிக் பூசிய கம்பியாலோ வாய்ப் பக்கம் மட்டும் மெதுவாகத் தள்ளுங்கோ. துவக்கில் விசை ஏறியிருக்கக்கூடாது, குழலைப் பாதி மட்டும் மடக்கினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு கையால் கேளுங்கோ. தொடக்கத்தில் வரிகள் ஈயத்தைக் கடிக்கிற இறுக்கம் இருக்கும். பிறகு ஒரே சீரான வழுக்கல். நல்ல குழல் பலவற்றில் கடைசி ஓரங்குலத்தில் மறுபடி ஒரு சின்ன இறுக்கம் வரும். அது பழுதல்ல, வேண்டுமென்று வைத்த ஒடுக்கம். ஜேர்மனியின் லோதர் வால்தர் போன்ற கொம்பனிகள் இப்படி ஒடுக்கிய குழல் செய்கின்றன. தலைமயிர் அளவைவிடக் குறைந்த ஒடுக்கந்தான், ஆனால் எல்லாப் பெலற்றையும் ஒரே அளவாக்கி வெளியே விடுவது அதுதான்.

தெரிந்த ஒருவருடைய றைபிளின் வாய் அடிபட்டிருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்தார். அவர்கள் ஒன்றரை அங்குலம் வெட்டி, கண்ணாடி மாதிரி மினுக்கிக் கொடுத்தார்கள். பார்க்க அவ்வளவு வடிவு. சுட்டால் முந்தியதைவிடச் சிதறல். பெலற் தள்ளிப் பார்த்தேன். கடைசி மட்டும் ஒரே வழுக்கல், முடிவில் தானாகவே விழுந்தது. ஒடுக்கம் வெட்டிய துண்டோடு போய்விட்டது. அதற்கு மருந்தில்லை, குழல்தான் மாற்ற வேண்டி வந்தது. தேய்த்துத் தீர்த்திருக்கக்கூடிய பழுது அது. எனக்கு இன்றைக்கும் மனவருத்தம்.

தள்ளும்போது நடுவில் திடீரென்று இலகுவாகிப் பிறகு இறுகினால் குழல் அந்த இடத்தில் அகன்றிருக்கிறது. சொரசொரப்பாக மணலில் இழுக்கிற மாதிரி இருந்தால் துரு தின்றிருக்கிறது. வெளியே வந்த பெலற்றையும் பாருங்கோ. வரிகளின் தடம் சுற்றிவர ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். பாவாடையில் ஒரே இடத்தில் சுரண்டல் காணப்பட்டால் பின்வாய் விளிம்பில் பிசிறு இருக்கிறது. பெலற் ஏற்றும்போதே காயப்படுகிறது. அதையும் மென் பேஸ்ற்றால் தொட்டும் தொடாமலும் தேய்த்து எடுக்கலாம்.

குழல் வாயில் சத்தம் குறைக்கிற குழாயோ பாரமோ பூட்டியிருந்தால் கழற்றிவிட்டு ஒருமுறை சுடுங்கோ. அது நூலிழை சரிந்திருந்தாலும் பெலற் உள்ளே உரசும். தாளில் துளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் முதல் சந்தேகம் அதிலேதான் வர வேண்டும். துளைகள் இரண்டு தனித்தனிக் கூட்டமாக விழுந்தால் ஏதோ ஒன்று இரண்டு நிலைக்கு மாறி மாறி அசைகிறது, ஸ்கோப் அல்லது ஸ்குறூ. கூட்டம் அகலவாட்டில் நீண்டால் மூட்டு ஆடுகிறது, இல்லையென்றால் காற்று. உங்கள் தாள் எந்த மாதிரி என்று கேள்வியில் இல்லை. உள்ளங்கை அளவு என்று மட்டும் இருக்கிறது. வட்டமாகச் சிதறியிருந்தால் பெலற், ஊத்தை, வாய் விளிம்பு, இந்த மூன்றையும் முதலில் பாருங்கோ.

உண்மையில் மாற்ற வேண்டிய குழல் எது என்றும் சொல்லிவிடுகிறேன். கடலும் களப்பும் சுற்றிய எங்கள் குடாநாட்டில் குழலைக் கொல்வது சுடுகிறது அல்ல, சும்மா கிடக்கிறதுதான். பஞ்சு வைத்த பையில் போட்டு அலுமாரிக்குள் வைப்பார்கள். அந்தப் பஞ்சு மாரி முழுக்க ஈரத்தைக் குடித்துக் குழலோடு அணைத்து வைத்திருக்கும். வேட்டித் துணியால் பத்துத் தரம் இழுத்த பிறகும் வெளிச்சத்துக்கு நேரே பார்க்கும்போது வரிகளுக்குள் கறுத்த புள்ளிக் குழிகள் தெரிந்தால், பெலற் தள்ளும்போது அந்த இடங்களில் கை சொரசொரப்பை உணர்ந்தால், அந்தக் குழிகளை நிரப்ப வழியில்லை. அந்தக் குழலுக்குப் புதுக்குழல் தேடலாம். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று இந்தச் சனிக்கிழமை விடியவே பார்த்துவிடலாம். மூன்று முழம் தங்கூசியும் ஒரு வேட்டித் துண்டும் ஒரு ரோச் லைற்றும் காணும்.